240 இசட்: பின் டிரம்மைக் கழற்றி டிஸ்க் போடலாமா?

மூன்றாம்கியர் (சான் ஹோசே):

வணக்கம். என் வண்டி 1972 டாட்சன் 240 இசட். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் கம்பெனி போட்டபடியே இருக்கிறது. பிரேக்கும் அப்படித்தான்: முன்னால் டிஸ்க், பின்னால் 9 அங்குல டிரம்.

மவுண்ட் ஹாமில்டன் அடிக்கடி போய்வருவேன். லிக் வானாய்வகத்திலிருந்து இறங்கும் பாதை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, முழுக்க வளைவுதான். இறங்கும்போது பாதி வழியிலேயே பெடல் கீழே போக ஆரம்பிக்கிறது. கருகல் வாசனையும் வருகிறது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது.

பின்பக்கத்துக்கு டிஸ்க் போடும் கிட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி), டிஸ்க், பிராக்கெட், ஹோஸ் எல்லாம் சேர்ந்து வருகிறது. வாங்கலாமா? ஏற்கெனவே போட்டவர்கள் யாராவது இருந்தால், மாஸ்டர் சிலிண்டரையும் (பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் சிலிண்டர்) மாற்ற வேண்டுமா, ஹேண்ட் பிரேக் ஒழுங்காகப் பிடிக்குமா என்றும் சொல்லுங்கள்.

வேடிக்கை_பார்ப்பவன் (கோவை):

யோசிக்காமல் போடுங்கள் பாஸ். இப்போது 125 சிசி பைக்குக்கே டிஸ்க் வருகிறது. அலாய் வீலுக்குள்ளே டிஸ்க் தெரிந்தால் அந்த அழகே தனி.

எண்கோணம் (பர்மிங்ஹாம்):

அழகுக்கு என்றால் பணம் உங்களுடையது, நான் குறுக்கே வரவில்லை. பிரேக்குக்கு என்றால் கொஞ்சம் நில்லுங்கள்.

நான் எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறவன். 1962இல் வந்ததிலிருந்து 1980இல் நிறுத்தும்வரை அதற்கும் முன் டிஸ்க், பின் டிரம்தான். 3.5 லிட்டர் வி8 போட்டு விற்றபோதும் பின் டிரம்மில் கை வைக்கவில்லை. அதைவிடக் கேளுங்கள்: 1993இல் எம்.ஜி. ஆர்வி8 என்று புதிதாக ஒன்று செய்தார்கள். 190 குதிரைத்திறன், முன்னால் காற்றோட்ட டிஸ்க், நான்கு பிஸ்டன் காலிப்பர். பின்னால்? டிரம். இன்றைக்கு ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 மின்சாரக் காரிலும் பின்னால் டிரம்தான். இவர்கள் எல்லாரும் டிஸ்க் வாங்கக் காசில்லாமல் டிரம் போடவில்லை.

240 இசட் எடை சுமார் 1,070 கிலோ. அதற்கு அந்த டிரம் தாராளம்.

கறுப்புக்கொடிகாமம் (ரொரன்ரோ):

தம்பி, நான் என்ர 240இல் மாத்தியிருக்கிறன். ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் மாத்தின காரணம் வேறை. உங்களுக்கு இருக்கிற பிரச்சினைக்கு அது மருந்தா எண்டு எனக்குச் சந்தேகம். எங்கட பாடி_ஓய்வு ஐயா வந்து சொல்லட்டும்.

எண்கோணம் சொல்லுறதிலை ஒரு விசயம் மட்டும் விடுபட்டுப்போச்சு. ஐடி.4 பெரும்பாலும் மோட்டாராலைதான் வேகத்தைக் குறைக்குது. பின் பிறேக்குக்கு அங்கை பெரிய வேலை இல்லை. அதை இதோடை ஒப்பிடக்கூடாது.

பாடி_ஓய்வு (சென்னை):

தம்பி மூன்றாம்கியர், கிட் வாங்குவதற்கு முன்னால் நாலு கேள்வி.

ஒன்று, பெடல் எப்படிக் கீழே போகிறது? பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று தடவை பம்ப் செய்தால் மேலே வருகிறதா? இல்லை, பெடல் கல்லாக நிற்கிறது, ஆனால் வண்டிதான் பிடிக்கவில்லையா? இது இரண்டும் வேறு வேறு வியாதி. பெடல் உறுதியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பேடோ (டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் கட்டை) ஷூவோ (டிரம்முக்குள் விரிந்து அழுத்தும் கட்டை) சூடேறி உராய்வை இழந்துவிட்டது. பெடல் அமுங்கினால் எண்ணெய் கொதித்து ஆவி கட்டுகிறது. ஆவியை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது.

இரண்டு, வாசனை எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது? கீழே வந்ததும் இறங்கிப் போய்ப் பாருங்கள். கையால் தொட வேண்டாம், சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் காட்டினாலே தெரியும்.

மூன்று, பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது?

நான்கு, இறங்கும்போது எந்த கியர்?

மூன்றாம்கியர் (சான் ஹோசே):

சார், பதில் எழுத நீங்கள் வந்தது சந்தோஷம்.

பெடல் அமுங்குகிறது, பம்ப் செய்தால் மேலே வருகிறது. முன் இரண்டு சக்கரமும் கொதிக்கின்றன. பின்பக்கம் சூடுதான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. ஆயில் எப்போது மாற்றியது என்பது எனக்கு முன்னால் வைத்திருந்தவருக்குத்தான் வெளிச்சம். ரிசர்வாயரில் பார்த்தால் டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. நாலாவது கேள்விக்கு என் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், பெரும்பாலும் நாலாவது கியர்.

பாடி_ஓய்வு (சென்னை):

அப்படியானால் பின் டிரம் மேல் இன்னும் ஒரு குற்றமும் நிரூபணமாகவில்லை.

கணக்கைப் பாருங்கள். வண்டியும் நீங்களும் சேர்ந்து 1,150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மலை உச்சி சுமார் 1,280 மீட்டர். ஊர்ப்பக்கம் வரும்போது ஏறத்தாழ 1,100 மீட்டர் இறங்கியிருப்பீர்கள். அந்த உயரத்தில் இருந்த ஆற்றல் 12 மெகாஜூலுக்கு மேல். 100 கிமீ வேகத்திலிருந்து ஒரு முறை முழுதாக நிறுத்தினால் பிரேக் வாங்கும் ஆற்றல் சுமார் 0.44 மெகாஜூல். அதாவது நூறிலிருந்து இருபத்தெட்டுத் தடவை நிறுத்திய சூட்டுக்குச் சமமானது அந்த இறக்கம். காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும், எஞ்சின் கொஞ்சம் தின்னும். நாலாவது கியரில் எஞ்சின் தின்பது மிகக் கொஞ்சம். மிச்சம் எல்லாம் நான்கு சக்கரத்தில் இறங்குகிறது.

அதில் முன்பக்கம்தான் பெரும்பங்கு வாங்குகிறது. அதனால்தான் அங்கே கொதிக்கிறது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் குடித்தபிறகு அதே தரம் கேட்பது 140 மட்டும். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரத்தில் 155. பிரேக் ஆயில் மூடிய பாத்திரத்திலும் மெல்ல மெல்ல ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட. உங்கள் டிகாஷன் எங்கே கொதிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பின்னால் தங்க டிஸ்க்கே போட்டாலும் முன் காலிப்பரில் கொதிக்கிற எண்ணெய் கொதிக்கத்தான் செய்யும். முதலில் செய்ய வேண்டியது: ஆயிலை முழுவதும் வெளியேற்றி நல்ல டாட் 4 நிரப்புங்கள். பழைய ரப்பர் ஹோஸ்களை மாற்றுங்கள், ஐம்பது வயது ரப்பர் உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும், அதனாலேயே பேட் உரசிக்கொண்டு சூடேறும். முன் காலிப்பர் பிஸ்டன்கள் தாராளமாக உள்ளே போய்வருகின்றனவா பாருங்கள். அப்புறம் உங்கள் பெயருக்கு ஏற்றபடி இறங்குங்கள், சில இடத்தில் இரண்டாவது கியரும் தேவைப்படும்.

எண்கோணம் (பர்மிங்ஹாம்):

கேஸ் முடிந்தது. கிட் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள். வண்டியை நிறுத்துவது கடைசியில் டயர்தான். முழு பலத்தில் மிதித்தால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்கிறது, அதாவது சுழலாமல் நின்று வழுக்குகிறது என்றால், அந்தப் பிரேக்கால் முடிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் டிஸ்க் எதையும் கூட்டித் தராது.

தாமரை_எல்24 (சாக்ரமெண்டோ):

கேஸ் முடியவில்லை, இடைவேளைதான்.

ஒரு தடவை நிறுத்தும் தூரத்தில் பின் டிஸ்க் வித்தியாசம் காட்டாது, ஒப்புக்கொள்கிறேன். பத்தாவது தடவையில் காட்டும். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகிறது, பெடல் நீள்கிறது. டிஸ்க் சூடேறினால் தடித்துப் பேடை நோக்கி வருகிறது. நான் தண்டர்ஹில் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவள். அங்கே இருபது நிமிடம் விடாமல் ஓட்டும்போது இந்த வித்தியாசத்தைக் காலில் உணரலாம்.

இன்னொன்று. 240 இசட் ஆட்கள் பாதிப்பேர் முன்பக்கத்தில் 1979 முதல் 85 வரை வந்த டொயோட்டா நான்கு சக்கர இயக்க பிக்கப்பின் நான்கு பிஸ்டன் காலிப்பரைப் போட்டுவிடுகிறார்கள். பழைய டிஸ்க்கிலேயே உட்காரும், தூசித் தகட்டைக் கொஞ்சம் வெட்டினால் போதும். மலிவு, நல்ல மாற்றம். ஆனால் முன்பக்கம் பலமாகி, பின்பக்கம் அப்படியே நின்றால், முன் சக்கரம் சீக்கிரம் பூட்டும். பின் சக்கரம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமலே போகும். நான் பின் டிஸ்க்குக்குப் போனது அந்தச் சமநிலைக்காக. கூடவே டிராக்கில் பேட் மாற்றுவது சில நிமிட வேலை. டிரம்மில் ஸ்பிரிங்கைக் குறடால் இழுத்து மாட்டி, அது விட்டுத் தெறித்து, புல்லுக்குள் தேடி... வேண்டாம்.

ஒரு பொய் மட்டும் பரவலாக ஓடுகிறது: டிஸ்க் போட்டால் எடை குறையும் என்று. இந்த வண்டியின் பின் டிரம் அலுமினியம், உள்ளே இரும்பு வளையம், வெளியே குளிர்விக்கும் விலா எலும்புகள். இரும்பு டிஸ்க்கும் இரும்புக் காலிப்பரும் பிராக்கெட்டும் சேர்ந்தால் எடை கூடத்தான் வாய்ப்பு.

கறுப்புக்கொடிகாமம் (ரொரன்ரோ):

இப்ப என்ர காரணத்தைச் சொல்லுறன். தாமரை சொன்ன அந்த அலுமினிய டிரம்தான் பிரச்சினை. உள்ளுக்குள்ளை இருக்கிற இரும்பு வளையத்தை லேத்தில் எத்தினை தரம் சீவலாம்? இஞ்சை குளிர்காலத்தில் றோட்டெல்லாம் உப்பு. முந்தின சொந்தக்காரர் குளிருக்குள்ளையும் ஓடியிருக்கிறார். ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டர் இந்த வண்டியில் பேக் பிளேட்டில் (டிரம்முக்குப் பின்னாலை நிக்கிற தகடு) வழுக்கி அசைய வேணும், அப்பதான் இரண்டு ஷூவும் சமமாப் பிடிக்கும். அது துருவோடை ஒட்டிப்போய் ஒரு ஷூ மட்டும் தேஞ்சிருந்தது. டிரம்மும் முட்டை வடிவம். நல்ல பழைய டிரம் ஒரு சோடி தேடினால் விலை கேட்டுத் தலை சுத்தும். அந்தக் காசுக்கு டிஸ்க்கே போட்டுவிடலாம் எண்டுதான் இறங்கினன்.

வேலை எப்பிடியெண்டால், காலிப்பர், டிஸ்க் போடுறது சின்ன வேலை. பெரிய வேலை பேக் பிளேட்டைக் கழட்டுறது. அது ஸ்டப் அக்சிலுக்கு (சக்கரத்தைப் பூட்டுற குட்டி அக்சில்) பின்னாலை நிக்குது. ஒழுங்காக் கழட்ட வேணுமெண்டால் அக்சில் நட்டைக் கழட்டி, அக்சிலை வெளியிலை இழுக்க வேணும். அந்த நட்டைத் தட்டி மடக்கிப் பூட்டியிருப்பினம், முதலில் மடிப்பை நிமித்துங்கோ, இல்லாட்டி அக்சில் மரை போயிடும். அக்சில் வெளியிலை வந்தால் பெயறிங், சீல் எல்லாத்தையும் சேர்த்து மாத்துங்கோ. சில பேர் பொறுமை இல்லாமல் பேக் பிளேட்டை கிரைண்டராலை வெட்டி எடுத்துப்போடுவினம். நாளைக்கு ஆராவது டிரம்முக்குத் திரும்ப நினைச்சால் வழியில்லை. நான் வெட்டேல்லை.

மூன்றாம்கியர் (சான் ஹோசே):

அண்ணா, நீங்கள் எந்தக் காலிப்பர் போட்டீர்கள்? நான் பார்த்த கிட்டில் 280 இசட்எக்ஸ் காலிப்பர் என்று போட்டிருக்கிறது.

கறுப்புக்கொடிகாமம் (ரொரன்ரோ):

அதேதான். 280 இசட்எக்ஸில்தான் இந்தக் குடும்பத்துக்கு முதல் முதல் பின் டிஸ்க் வந்தது. அதுக்கு முந்தின 280 இசட் வரைக்கும் டிரம். ஆனால் கவனம், 1979 தொடக்கம் 81 வரைக்கும் வந்த காலிப்பர் வேறை, 82, 83 காலிப்பர் வேறை. பிராக்கெட் ஒண்டுக்குச் செய்தது மற்றதுக்குப் பொருந்தாது. கிட் விக்கிறவரிட்டை எந்த ஆண்டு எண்டு எழுத்திலை கேட்டு வாங்குங்கோ.

வேடிக்கை_பார்ப்பவன் (கோவை):

டிரம் தானே பிடியைக் கூட்டிக்கொள்ளும், டிஸ்க் கூட்டாது என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். அப்படியானால் டிஸ்க் போட்டதும் பின் பிரேக் குறைந்துவிடாதா?

பாடி_ஓய்வு (சென்னை):

வேடிக்கை பார்க்க வந்தவர் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார்.

டிரம் சுற்றும் திசையில் இருக்கும் ஷூவை உராய்வே டிரம்முக்குள் இழுத்து அழுத்தும். அதனால் நாம் கொடுக்கும் விசை பெருகுகிறது. பின்தங்கும் ஷூவில் இது எதிர்மறை. இரண்டையும் கூட்டினால், சாதாரண லைனிங்கில் (ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) ஒரு பங்கு விசை கொடுத்தால் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேலாக உராய்வு கிடைக்கும். டிஸ்க்கில் இந்த உதவி இல்லை. இரண்டு பேடும் சேர்ந்து முக்கால் பங்குதான் தரும்.

ஆகவே அதே பிடிக்கு டிஸ்க்கின் பிஸ்டன் பரப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு வேண்டும். உங்கள் வண்டியின் பின் வீல் சிலிண்டர் 7/8 அங்குலம், பரப்பு 388 சதுர மி.மீ. அதன் மூன்று மடங்கு என்றால் 38 மி.மீ. விட்டமுள்ள ஒரு பிஸ்டன் சுமாராகச் சரியாக வரும், டிஸ்க்கும் டிரம் அளவுக்குப் பக்கத்தில் இருந்தால். இது வெறும் கணக்கு, உங்கள் காலிப்பரை வெர்னியர் வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். பிஸ்டன் இதைவிட நிறையப் பெரிதாக இருந்தால் பின் சக்கரம் முதலில் பூட்டும். அதுதான் இந்த மாற்றத்தில் உயிருக்கு ஆபத்தான இடம். முன் சக்கரம் பூட்டினால் வண்டி நேராகப் போகும், ஸ்டியரிங் கேட்காது, அவ்வளவுதான். பின் சக்கரம் பூட்டினால் வால் முன்னே வந்துவிடும்.

பின்னால் எவ்வளவு பிரேக் வேண்டும் என்பதையும் பார்ப்போம். இந்த வண்டியின் சக்கர இடைத்தூரம் 2,305 மி.மீ. எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், 0.9 ஜி வேகக்குறைப்பில் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 220 கிலோ, பின்னாலிருந்து முன்னே போகிறது. நிற்கும்போது பாதிக்குப் பாதியாக இருந்த பாரம், பிரேக் போடும்போது முன்னே 70, பின்னே 30. பின்பக்கம் வாங்கக்கூடியது அந்த 30தான். பிரேக்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது கூடாது.

தாமரை_எல்24 (சாக்ரமெண்டோ):

சாரின் கணக்கை அச்செடுத்து கராஜில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கம்பெனி மாஸ்டர் 7/8 அங்குலம். காலிப்பர் பிஸ்டன் பெரிது என்பதால் எண்ணெய் கூடுதலாகக் கேட்கும், பெடல் நீளும். அதற்காகப் பலர் 280 இசட்எக்ஸின் 15/16 அங்குல மாஸ்டரைப் போடுகிறார்கள். பரப்பில் 15 சதவீதம் கூடுதல். பெடல் மேலே வரும், ஆனால் அதே அழுத்தத்துக்குக் கால் 15 சதவீதம் அதிகம் மிதிக்க வேண்டும். முன்னால் டொயோட்டா காலிப்பரும் போட்டிருந்தால் 15/16 அவசியம் என்பேன். முன்பக்கம் கம்பெனி காலிப்பரே இருந்தால் முதலில் 7/8இலேயே ஓட்டிப் பார்க்கலாம். மாஸ்டர் மாற்றும்போது எந்த அறை முன்பக்கத்துக்கு, எந்த அறை பின்பக்கத்துக்கு என்பதைப் பார்த்துக் குழாய் மாட்டுங்கள், பழையதும் புதியதும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

மறக்கவே கூடாத ஒன்று: பின் டிரம்முக்குப் போகும் வழியில் ஒரு சின்னச் செக் வால்வு இருக்கும். பெடலை விட்டபிறகும் குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. டிரம்முக்கு அது நல்லது. டிஸ்க்குக்கு அது விஷம், பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பின்னால் டிஸ்க் போட்டால் அதை எடுத்துவிட வேண்டும். "டிஸ்க் போட்டதிலிருந்து பின் சக்கரம் சூடாகிறது" என்று யாராவது புலம்பினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

எண்கோணம் (பர்மிங்ஹாம்):

பின் குழாயில் குமிழ் வைத்த பிரஷர் வால்வு ஒன்று போட்டுவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லையே? திருகித் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். எங்கள் ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

தாமரை_எல்24 (சாக்ரமெண்டோ):

அந்த வால்வு குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. பின் பிஸ்டன் சிறிதாக இருந்தால் குமிழைக் கழற்றி எறிந்தாலும் பிடி வராது. பெரிதாக இருந்தால்தான் வால்வு உதவும். அதுவும் கம்பெனி வால்வை அப்படியே விட்டுவிட்டு அதன் பின்னால் இன்னொன்றைப் போடக் கூடாது, இரண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று யாருக்கும் புரியாது. ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றைப் போடுங்கள். முன் குழாயில் போடவே கூடாது.

பாடி_ஓய்வு (சென்னை):

சரியாகச் சொன்னீர்கள் அம்மா. ஒரு சேர்க்கை: குமிழைத் திருகினால் பின் அழுத்தம் முழுவதும் ஒரே விகிதத்தில் குறைவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு எல்லைவரை முன்னும் பின்னும் ஒரே அழுத்தம். அந்த எல்லைக்கு மேல்தான் பின் அழுத்தம் மெதுவாக ஏறும். குமிழ் நகர்த்துவது அந்த எல்லையை. அதனால் லேசாக மிதிக்கும்போது வால்வு இருப்பதே தெரியாது.

இதனால்தான் மழைச் சாலையில் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள் என்கிறேன். ஈரத்தில் வேகக்குறைப்பு குறைவு, எடை அதிகம் முன்னே போகாது, பின் சக்கரத்தில் பாரம் இருக்கும், பின் சக்கரம் சமர்த்தாக இருக்கும். காய்ந்த சாலையில் ஓங்கி மிதிக்கும்போதுதான் பின்பக்கம் இலகுவாகி பூட்டப் பார்க்கும். இரண்டிலும் சோதிக்க வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத இடம், 40, 50 கிமீயில் ஆரம்பித்து மேலே போங்கள், வால்வில் பின் அழுத்தத்தைக் குறைந்த நிலையில் வைத்துத் தொடங்குங்கள். வெளியே ஒருவர் நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று படம் எடுக்கட்டும். உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. எல்லா நிலையிலும் முன் சக்கரம் முதலில் பூட்ட வேண்டும், பின் சக்கரம் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும்.

கறுப்புக்கொடிகாமம் (ரொரன்ரோ):

ஹேண்ட் பிறேக் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, நானே சொல்லுறன்.

டிரம் அளவுக்குப் பிடிக்காது. அதே உதவி ஷூவுக்கு இருந்தது, பேடுக்கு இல்லை எண்டு ஐயா சொன்னாரல்லோ. காலிப்பருக்குள்ளை ஒரு மரை இருக்கு, லீவர் அதைத் திருப்பிப் பிஸ்டனைத் தள்ளும். பேட் மாத்தேக்கை பிஸ்டனை ஜி கிளாம்ப் வைச்சு அமத்தாதேங்கோ, மரை உடைஞ்சிடும். திருப்பித் திருப்பித்தான் உள்ளை விட வேணும். பழைய கேபிளின்ர நீளமும் அப்பிடியே பொருந்தாது, கிட்டில் அதுக்கு வழி இருக்கோ எண்டு பாருங்கோ. ஹேண்ட் பிறேக்கை அடிக்கடி பாவிக்க வேணும். பேட் தேயத் தேய இடைவெளியைச் சரிப்படுத்துறது அந்த மரைதான். பாவிக்காமல் விட்டால் பெடல் நீளும், ஆக்கள் மாஸ்டரைக் குறை சொல்லுவினம்.

இடது காலிப்பரை வலது பக்கம் மாட்டினாலும் போல்ட் பூட்டுப்படும். ஆனால் காத்து எடுக்கிற நிப்பிள் கீழை நிக்கும். காத்து எப்பவும் மேலைதான் நிக்கும் எண்டதாலை நாள் முழுக்கப் பம்ப் பண்ணினாலும் வராது. நிப்பிள் மேலை பாத்தபடி இருக்க வேணும்.

வேடிக்கை_பார்ப்பவன் (கோவை):

சான் பிரான்சிஸ்கோ மேட்டில் நிறுத்தினால் என்ன செய்வது?

கறுப்புக்கொடிகாமம் (ரொரன்ரோ):

மேலே பாத்து நிண்டால் முதல் கியரில் விட்டு, முன் சக்கரத்தை றோட்டுப் பக்கம் திருப்புங்கோ; கீழை பாத்து நிண்டால் ரிவேர்ஸில் விட்டு, நடைபாதைப் பக்கம் திருப்பி விடுங்கோ. அங்கை சட்டமே அப்பிடித்தான் எண்டு நினைக்கிறன், என்ன தம்பி?

மூன்றாம்கியர் (சான் ஹோசே):

ஆமாம் அண்ணா, மேட்டில் சக்கரத்தைத் திருப்பாமல் நிறுத்தினால் அபராதச் சீட்டு வரும்.

சரி, இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பாடி சார் சொன்னபடி ஆயிலை முழுவதும் மாற்றினேன், டாட் 4. முன் ஹோஸ் இரண்டும் புதிது. பழைய ஹோஸை வெட்டிப் பார்த்தால் உள்துவாரம் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. இடது முன் காலிப்பரில் ஒரு பிஸ்டன் இறுகிப்போயிருந்தது, புது சீல் போட்டு மாட்டியாகிவிட்டது. மவுண்ட் ஹாமில்டனிலிருந்து இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கினேன். பெடல் மேலேயே நின்றது, வாசனை இல்லை.

கிட் வேண்டாம் என்று முடிவு கட்டலாம் என்றுதான் பின் டிரம்மையும் கழற்றிப் பார்த்தேன். வலது டிரம் நன்றாக இருக்கிறது. இடது டிரம்மின் உள்விட்டம் சர்வீஸ் புத்தகம் அனுமதிக்கும் அளவைத் தாண்டிவிட்டது, போதாததற்கு வெடிப்புக் கோடும் தெரிகிறது. லேத் கடைக்காரர் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். இப்போது கறுப்புக்கொடிகாமம் அண்ணன் நின்ற இடத்தில் நான் நிற்கிறேன்.

எண்கோணம் (பர்மிங்ஹாம்):

ஒரு டிரம்தானே? ஒரு டிரம் வாங்குங்கள்! தேடினால் கிடைக்கும். ஷூ, வீல் சிலிண்டர் புதிதாகப் போட்டு, வழுக்குப் பாதையைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவினால் இன்னும் இருபது வருடம் ஓடும். வண்டியும் கம்பெனி போட்டபடியே இருக்கும். நல்ல நிலையில் இருக்கும் 240 இசட்டுக்கு இப்போது என்ன விலை என்று தெரியும்தானே. வாங்க வருகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது இதையெல்லாம்தான்.

தாமரை_எல்24 (சாக்ரமெண்டோ):

விற்பதற்காக வண்டி வைத்திருப்பவர் மலையிறங்க மாட்டார். ஆனால் இந்த ஒரு இடத்தில் நானும் எண்கோணம் பக்கம்தான். முன்பக்கம் கம்பெனி காலிப்பரே இருக்கிறது, டிராக்குக்குப் போவதில்லை. ஒரு நல்ல டிரம் நியாயமான விலையில் கிடைத்தால் அதுவே போதும். கிடைக்காவிட்டால் மட்டும் டிஸ்க். அப்படிப் போட்டால் பாதி வேலை செய்யாதீர்கள்: செக் வால்வு, பிரஷர் வால்வு, ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் ஒரே வேலை. இன்ஷூரன்ஸ்காரருக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பாடி_ஓய்வு (சென்னை):

நானும் அதையே சொல்வேன். டிரம் வாங்கினால் ஒரு பக்கம் மட்டும் புது ஷூ போடாதீர்கள், இரண்டு பக்கமும் ஒரே லைனிங். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு டிரம்மின் உள்விட்டமும் நெருக்கமாக இருக்கும்படி பார்த்து வாங்குங்கள். ஷூவை டிரம்மின் வளைவுக்குப் பொருந்தத் தேய்த்துக் கொடுக்கும் ஆள் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் அவரிடம் கொடுங்கள், அந்தத் தொழில் எல்லா ஊரிலும் அருகிவிட்டது.

மூன்றாம்கியர் (சான் ஹோசே):

நன்றி சார், நன்றி எல்லாருக்கும். இடது டிரம் ஒன்று தேடுகிறேன், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் கிட் வாங்கிவிடுவேன்.

கறுப்புக்கொடிகாமம் (ரொரன்ரோ):

நான் கழட்டினதில் முட்டை வடிவம் ஆனது வலது பக்கம்தான். இடது டிரம் கராஜில் துணி சுத்திக் கிடக்கு. நாளைக்கு அளந்து படத்தோடை போடுறன். அளவு சரியெண்டால் தபால் காசு மட்டும் தாங்கோ. சரிவராமல் நீங்களும் டிஸ்க்குக்குப் போனால், உங்கட வலது டிரம்மை எனக்கு அனுப்புங்கோ, ஒரு சோடியாச் சேர்த்து வைப்பம்.

எண்கோணம் (பர்மிங்ஹாம்):

அந்தச் சோடிக்கு நான் இப்போதே துண்டு போடுகிறேன். 240 இசட் இல்லை என்றாலும் பரவாயில்லை.